பூத்த கற்றாழையைச் சும்மா விடுவது ஏன்

நெறு... நெறு... நெறு...

விடிவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆட்டுப் பட்டியின் வாசல் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. காய்ந்த தோலோடு காய்ந்த தோல் உரசுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ பெரிய பாரத்தைத் தூக்குகிற மாதிரியும் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் புரண்டுகொண்டிருந்த வீரணன் எழுந்து உட்கார்ந்து காதைக் கொடுத்தான். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டுக்கும் நரிக்கும் செடிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், இருட்டில் சத்தம் கேட்டால் முதலில் யாரென்று கேட்பார்கள். பிறகுதான் கம்பை எடுப்பார்கள். வீரணனும் கேட்டான்.

"யாரது?"

"நான்தான்டா" என்றது கற்றாழை.

"நீயா அக்கா? பல்லக் கடிக்கிறியா?"

"எனக்கு ஏதுடா பல்லு? உள்ளேருந்து என்னமோ முட்டுது. விடியட்டும். வந்து பாரு."

இது நாம் சதையை வழித்தெடுத்துத் தலையில் தேய்க்கிற சோற்றுக் கற்றாழை அல்ல. கையளவு அகலமும் ஆள் நீளமும் உள்ள இலைகளை நாலாபக்கமும் ஈட்டிபோல நீட்டிக்கொண்டு நிற்கிற ஆனைக் கற்றாழை. வீரணன் அந்த மேட்டில் பட்டி போட வந்த நாளிலேயே அது அங்கே நின்றது. ஒரு பக்கம் ஆளுயரப் பாறை, மறுபக்கம் இந்தக் கற்றாழை. நடுவில் இருந்த இடைவெளியையே வீரணன் பட்டிக்கு வாசலாக்கிக்கொண்டான். மற்றபடி சுற்றிலும் உடைமரத்து முள்வேலி. முள்ளைக் கரையான் தின்றுவிடும். வருஷம் தவறாமல் புதுமுள் வெட்டி அடைக்க வேண்டும். வாசல் மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை. பொழுது சாய்ந்ததும் பாறைக்கும் கற்றாழைக்கும் நடுவே மூங்கில் படலைச் சாத்திவிட்டால் போதும். அந்த இலை முனைகளைத் தாண்டி ஒரு நரியும் மூக்கை நீட்டாது.

வீரணன் அதை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அது எப்போதும் அவள்தான். நாமும் அப்படியே சொல்லிப் போவோம்.

அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. கால் ஒரு இடத்தில் தரிக்காது. ஆடு மேய்க்கிறவனுக்கு அது நல்லதுதான் என்று வைத்துக்கொண்டாலும், மனசும் அப்படியே அலைந்தால் என்ன செய்வது? மனைவி சிலம்பாயி தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறவள். முழித்திருக்கும்போது எதைச் சொன்னாலும் சிரிப்பாள். ஆகவே மனசில் கிடப்பதையெல்லாம் வீரணன் அக்காவிடம் கொண்டுபோய்க் கொட்டினான். ஒரு கோடையில் ஊரே தண்ணீர் இல்லாமல் மேற்கே கிளம்பியபோது, நானும் போய்விடட்டுமா என்று அவளிடம்தான் கேட்டான். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "போறதுன்னா போ. என்னால வர முடியாது" என்றாள். அவ்வளவுதான். அவன் போகவில்லை.

பனி விலகியதும் வீரணன் போய்ப் பார்த்தான். இலைகளுக்கெல்லாம் நடுவில், குருத்து இருக்க வேண்டிய இடத்தில், முழங்கை பருமனுக்கு ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. பக்கத்து இலைகளை நெருக்கித் தள்ளிக்கொண்டு அது மேலே வருகிற சத்தம்தான் காலையில் கேட்டது.

"என்னக்கா இது?"

"பூக்கப் போறேன்டா."

"அட! நல்ல சேதிதானே. சிலம்பாயி, இங்க வா! அக்கா பூக்கப் போகுது!"

சிலம்பாயி சாணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி வந்து பார்த்தாள். "அதானே, என்னடா நாத்தனாரு ரெண்டு நாளா மொறச்சுக்கிட்டே நிக்குதேன்னு பாத்தேன். இத்தன வயசுக்கு அப்புறமா மதினி? ஊரு என்ன பேசும்?"

"உன் வாயில முள்ளு குத்த" என்றாள் அக்கா. ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. சிலம்பாயி நகர்ந்த பிறகு மெல்லச் சொன்னாள்: "வீரணா, எங்க சாதியில பூக்கிறது ஒரு தடவதான். பூத்து, காய்ச்சு, வெத வெடிச்சா முடிஞ்சது. அதுக்கப்புறம் நான் இல்ல."

வீரணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பாறையடியில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு சொன்னா உனக்கு? உங்க அம்மாவா?"

"அம்மாவ எங்க பாத்தேன்? எந்த மேட்டுல நின்னாளோ! காத்து அடிச்சுக்கிட்டு வந்து இங்க போட்டுச்சு. நான் மொளைக்கும்போது அவ காஞ்சு எத்தன நாளாயிருக்குமோ. எங்க ஆளுங்க யாரும் பெத்தவளப் பாத்ததில்ல. பெத்தவ யாரும் பிள்ளையப் பாத்ததில்ல. ஆனா இந்த ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் தெரியும். வெதைக்குள்ளயே இருக்கும்போல."

அதனால்தான் அந்தக் காலத்தில் கற்றாழை காட்டுக்கு ஒன்றாகத் தனியாக நின்றது. இங்கே ஒன்று, கூப்பிடு தூரத்துக்கு அப்பால் ஒன்று. இரண்டு கற்றாழைகள் தோளோடு தோள் நின்று பார்த்தவர் யாருமில்லை.

"அதெல்லாம் நடக்காது" என்றான் வீரணன் எழுந்து நின்று. "நான் இருக்கேன்ல. எத்தன உசிர இந்தக் கையால காப்பாத்தியிருக்கேன். உன்னைச் சாக விட்டுருவேனா?"

அவன் சொன்னது பொய்யில்லை. குட்டி குறுக்கே மாட்டிக்கொண்ட ஆடு, பாம்பு தீண்டின ஆடு, கழிச்சல் கண்ட ஆடு என்று எத்தனையோ அவன் கையில் பிழைத்திருக்கின்றன. ஆகவே அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். ஈன்ற ஆட்டுக்கு என்னென்ன செய்வானோ அதையெல்லாம் அக்காவுக்குச் செய்தான். காலையில் கம்பங்கஞ்சி. உச்சிக்கு ஒரு குடம் தண்ணீர். சாயங்காலம் ஒரு குடம். அடித்தூரைச் சுற்றி அள்ளி அள்ளி ஆட்டுப் பிழுக்கை. குளிர் தாக்காமல் இருக்க வேப்பந்தழை மூட்டம். கண்பட்டுவிடக் கூடாதென்று முனை இலை ஒன்றில் கறுப்புக் கயிறு.

"டேய், கஞ்சி வேண்டாம்டா" என்றாள் அக்கா.

"பிள்ளத்தாச்சி அப்படித்தான் சொல்லும். குடி."

"கஞ்சி குடிக்கிற வாயாடா எனக்கு? நீ தூருல ஊத்துற."

"அங்கதான் போகும். குடி."

மூளி என்கிற கிழட்டு ஆடு இதைப் படலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஒற்றைக் காது இல்லாத ஆடு. அந்தப் பட்டியில் பாதி அதன் வயிற்றில் பிறந்தவை. "நான் பன்னெண்டு குட்டி போட்டேன்" என்றது மூளி. "எனக்கு ஒருநாளும் கம்பங்கஞ்சி வந்ததில்ல."

"உனக்கு வாய் மட்டும் நல்லா இருக்கு" என்றான் வீரணன்.

நாலைந்து நாளில் அடி இலைகள் மஞ்சளாகின. பிறகு ஒன்று கொழகொழத்து, தொட்டதும் கழன்று கையோடு வந்தது. புளித்த நாற்றம் அடித்தது. கற்றாழை வெயிலைத் தின்று வளர்கிற சாதி. அதன் தூரில் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? அது வீரணனுக்குத் தெரியாது. ஆடு மெலிந்தால் தீனி போதவில்லை என்பது அவனுக்குத் தெரிந்த கணக்கு. இன்னும் ஒரு குடம் ஊற்றினான்.

நாற்றம் போகிற இடத்துக்கு நரி போகாமல் இருக்குமா? ஒரு அந்தி நேரம் பாறைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கூப்பிட்டது.

"மாப்ள! வீட்ல யாருக்கோ ஒடம்புக்கு முடியலையாமே. கேள்விப்பட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல."

"உனக்கு யாரு சொன்னா?"

"வாசலக் காக்குற பெரியவங்க படுத்துட்டா காட்டுக்கே தெரிஞ்சுபோகாதா? ஒத்தாசைக்கு ஆள் வேணும்னா கூப்பிடு. எந்நேரமானாலும் வருவேன்."

"வருவே. வெறும் வயித்தோட வருவே. போயிட்டு அப்புறம் வா, கம்பு தேடிக்கிட்டு இருக்கேன்."

நரி சிரித்துக்கொண்டே போனது. வீரணன் அன்றைக்குப் பட்டியைவிட்டு நகரவில்லை. குட்டிகளுக்காக மட்டும் அல்ல. நரி வந்து பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டதே என்றும்தான்.

தண்டு மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. காலையில் இடுப்பளவு இருந்தால் மறுநாள் மாரளவு. அப்புறம் கூரை உயரம். அப்புறம் அண்ணாந்து பார்க்கிற உயரம். உச்சிக்குப் போனதும் கைகைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு கையிலும் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. அதற்குப் பிறகு வீரணன் பட்டி திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிட்டது. தேனீ, தேன்சிட்டு, மைனா, அணில், எங்கிருந்தோ வந்த வௌவால் கூட்டம். எல்லாம் அக்காவுக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு தின்றன, குடித்தன, சண்டை போட்டன.

"பாருடா" என்றாள் அக்கா. "இத்தன நாளு ஒரு குருவி எம்மேல உக்காந்ததில்ல. முள்ளுன்னு ஒதுங்கிப் போகும். இப்பப் பாரு."

அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். வீரணன் மேலே பார்க்கவில்லை. கீழே இலைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பூசணிக்காய் போல விம்மியிருந்த இலைகள் சுருங்கிக்கொண்டு வந்தன. சதை வற்றி, நடுவில் குழி விழுந்து, முதுகெலும்பு தெரிகிற ஆடு மாதிரி. மேலே ஒரு கொத்து விரிந்தால் கீழே ஒரு இலை தளர்ந்தது. அது அவன் கண்ணெதிரே நடந்தது.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்தது. பச்சைப் பிஞ்சுகள் விரல் விரலாக நின்றன.

அன்றைக்குக் காலையில் பட்டியில் ஒரு குட்டிக்கு வாய்க்குச்சி கட்ட வேண்டியிருந்தது. மேயத் தெரிந்த பிறகும் சில குட்டிகள் தாய் மடியை விடாது. பால் வற்றினாலும் முட்டி முட்டி உறிஞ்சும். தாய் எலும்பும் தோலுமாகப் போய்விடும். அப்படிப்பட்ட குட்டியின் வாயில் ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்துக் கொம்புக்குப் பின்னால் கயிறு கட்டிவிடுவார்கள். குட்டி கொஞ்ச நாள் கத்தும், தாய் தேறிவிடும். வீரணன் முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். எதிரே தண்டு. அண்ணாந்தான். உச்சியில் பிஞ்சுகள். குனிந்தான். வற்றிய இலைகள்.

அவனுக்குப் பொறி தட்டியது. 'இத்தனை நாள் இது ஏன் தெரியாமல் போச்சு? கஞ்சி ஊற்றி என்ன பண்ண? உறிஞ்சுகிறது மேலேயல்லவா இருக்கிறது!'

"சிலம்பாயி, அந்தத் தண்டை வெட்டிட்டா அக்கா பொழச்சுக்கும்."

சிலம்பாயி தண்ணீர் எடுக்கக் குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. "அதுகிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும்."

"அப்ப வேணாம்."

"குட்டிக்கு வாய்க்குச்சி கட்டும்போது தாயைக் கேட்டா கட்டுறோம்?"

"அது ஆடு. இது உன் அக்கா" என்றாள் சிலம்பாயி. "நான் வர்ற வரைக்கும் எதையும் செய்யாத. ரெண்டு பேருமா கேப்போம்."

அவள் ஊற்றுக்குப் போய்விட்டாள். வீரணன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். எழுந்து நடந்து பார்த்தான். உச்சி வெயில் ஏறியது. ஆடுகள் பாறை நிழலுக்கு ஒதுங்கின. வெயில் நேரத்தில் செடிகள் எல்லாம் கண்ணயர்ந்து கிடப்பது அந்தக் காலத்து வழக்கம்; அக்காவும் தூங்கினாள். அவள் இலை ஒன்று நுனி துவண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இலை தரையைத் தொட்டு அவன் பார்த்ததில்லை.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. வெட்டரிவாளை எடுத்தான். இலைகளுக்கு நடுவே கையை நுழைத்தபோது முழங்கையெல்லாம் கீறி ரத்தம் வந்தது. ஓங்கிப் போட்டான். இன்னொரு தடவை போட்டான். மூன்றாவது வெட்டில் தண்டு தள்ளாடி, காற்றில் ஒரு கணம் யோசித்து, பாறைக்கு அப்பால் போய் விழுந்தது. பிஞ்சுகள் நாலாபக்கமும் சிதறின. மிச்சமிருந்த கடைசிப் பூக்களுக்கு வந்த தேனீக்கள், பூ இருந்த வெறும் ஆகாயத்தையே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

அக்கா விழித்துக்கொண்டாள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தெளிந்த நீர் ஊறி, இலைக்குழிவில் இறங்கி, மண்ணில் சொட்டியது.

"என்னடா செஞ்ச?"

"உன்னைக் காப்பாத்திட்டேன் அக்கா." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அதுதான் உன்னை உறிஞ்சுச்சு. இனி நீ தேறிருவ."

"நான் தேற மாட்டேன்டா. பூத்தவ தேறுறதில்ல. மொட்டு விட்ட அன்னைக்கே அது முடிஞ்சுபோச்சு. நான் போறது எனக்கு ஒரு கவலையா? போனாலும் வெத போகும், எங்கயாவது மொளைக்கும்னு இருந்தேன். இன்னும் பத்து நாளு விட்டிருந்தா வெத முத்தியிருக்கும்." நிறுத்தினாள். "இப்ப அதுவும் இல்ல. நானும் இல்ல."

வீரணன் பாறைக்கு அப்பால் ஓடினான். சிதறிக் கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கினான். ஒன்றைப் பிளந்து பார்த்தான். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, பால் பிடிக்காத சோளம்போல இருந்தது. இன்னொன்றைப் பிளந்தான். அதுவும் அப்படித்தான். துண்டு நிறையப் பிஞ்சோடு திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். சிலம்பாயி குடத்தோடு வந்து நின்று, தண்டையும் அரிவாளையும் பார்த்தாள். ஏசவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் தாங்கவில்லை.

அவன் சட்டென்று எழுந்து சிலம்பாயியின் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கினான்.

"ஊத்தாத!" என்றாள் அக்கா. அவள் குரல் அப்படி உயர்ந்து அவன் கேட்டதில்லை. "வீரணா, நீ எனக்கு நல்லது செய்யிறதா இருந்தா, இனிமே ஒண்ணும் செய்யாத. தண்ணி ஊத்தாத. பிழுக்கையை எல்லாம் அள்ளு, தூரு காயட்டும். காஞ்சுபோச்சேன்னு எலையை அறுக்காத. என்னைப் புடுங்காத. சும்மா விடு."

"சும்மா விட்டா?"

"மேல போக வேண்டியது பாதி இன்னும் எனக்குள்ளதான் கெடக்கு. போறதுக்கு வழி இல்ல. கீழ அனுப்பிப் பாக்குறேன்."

"கீழயா? வேருலயா? அப்படி நடக்குமா?"

"எனக்கு என்ன தெரியும்? எங்க ஆளுங்க யாரும் செஞ்சதில்ல. மேல வழி இல்லாம யாரும் நின்னதில்லையே. பாக்குறேன். ஆனா ஒவ்வொரு எலையில இருக்கிறதையும் எறக்கி எறக்கிக் கொடுக்கணும். நாளாகும். அதுவரைக்கும் நீ கையைக் கட்டிக்கிட்டு இரு."

உலகத்தில் வீரணனுக்கு வராத ஒரே வேலை அதுதான்.

பிழுக்கையை அள்ளி அப்புறப்படுத்தினான். அது ஒரு பொழுதில் முடிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? விடிந்ததும் வந்து பார்த்தான். ஆடு மேய்க்கப் போன இடத்திலிருந்து பாதியில் ஓடிவந்து பார்த்தான். கோடை ஏறியது. மண் வெடித்தது. அக்கா அடியிலிருந்து ஒவ்வொரு இலையாகக் காய்ந்துகொண்டு வந்தாள். அவனுக்குக் கை பரபரத்தது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஊற்றவும் மாட்டாமல், கீழே வைக்கவும் மாட்டாமல்.

"சொம்போட சுத்திச் சுத்தி வர்றியே" என்றாள் சிலம்பாயி. "மசக்கை மதினிக்கா, உனக்கா?"

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. தண்ணீரை அவனே குடித்தான்.

அக்காவின் குரல் மெலிந்துகொண்டு போனது. முன்பெல்லாம் வயிற்றிலிருந்து வருகிற குரல். இப்போது ஓலை உரசுகிற மாதிரி ஆகிவிட்டது. பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அதற்கும் சக்தி வேண்டுமல்லவா? அவன் தன் பாட்டுக்குச் சொல்வான். இன்ன ஆடு சினை, இன்ன பக்கம் இடி இடித்தது என்று. அவள் "ம்" என்பாள். சில நாள் அதுவும் வராது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். கொஞ்சம் கழித்து வரும்.

நரியும் நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு சாயங்காலம், வீரணன் பின்பக்கத்து முள்ளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசல் பக்கம் "ஐயய்யோ" என்று ஓலம் கேட்டது. ஓடிவந்தான். காய்ந்துபோனவள்தானே என்று நினைத்து நரி படலுக்கும் அக்காவுக்கும் நடுவே நுழைந்திருக்கிறது. பச்சை இலையாவது வளைந்து கொடுக்கும். காய்ந்த இலை வளையாது. முனை முள் இரும்பு ஊசிபோல மூக்கில் ஏறியிருந்தது. நரி பின்னால் இழுத்துக்கொண்டு, மூக்கை முன்னங்காலால் பொத்திக்கொண்டு நின்றது.

"செத்துட்டாங்கன்னு நெனச்சேன் மாப்ள!"

"செத்தாலும் அது எங்க அக்கா" என்றான் வீரணன். "துக்கம் கேக்க வந்தியா? கேட்டாச்சுல்ல, போ."

மூளி உள்ளேயிருந்து கனைத்தது. நரி நொண்டிக்கொண்டு ஓடியது. குத்துப்பட்டது மூக்கில்தான் என்பதே அதற்கு மறந்துபோயிற்று.

அன்றைக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும். வீரணன் இலைமேல் காதை வைத்துப் பார்த்தான். காற்று போகிற சத்தம்தான் கேட்டது. ஊரிலிருந்து வந்த ஒருவன், "காஞ்ச சனியனை ஏன்யா வாசல்ல வச்சிருக்க? புடுங்கிப் போட்டுட்டுப் புதுமுள்ளு அடை" என்றான். வீரணன் புதுமுள் வெட்டவில்லை. பிடுங்கவும் இல்லை. அக்கா சொன்ன சொல்லுக்காகத்தான் விட்டுவைத்தானே தவிர, அவனுக்கே நம்பிக்கை போய்விட்டிருந்தது. அக்காவையும் விதையையும் கொன்றவன் நான்தான் என்ற நினைப்போடு எழுந்தான்; அதே நினைப்போடு படுத்தான்.

ஐப்பசி மழைக்கு முந்தின வாரம். காலையில் சிலம்பாயி பட்டி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வீரணன் ஆடுகளைத் திறந்துவிடப் படலண்டை வந்துகொண்டிருந்தான்.

"ஆத்தாடீ!"

சிலம்பாயி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் குதித்தாள்.

"என்ன, தேளா?"

"தெரியல. என்னமோ குத்திருச்சு. இங்கதான், மண்ணுக்குள்ள..."

குனிந்தார்கள். காய்ந்த இலைகளின் நிழலில், வெடித்த மண்ணைக் கீறிக்கொண்டு, விரல் நுனி அளவுக்கு ஒரு பச்சை. அதன் முனையில் கறுப்பாக ஒரு முள். சிலம்பாயி வலியை மறந்து உட்கார்ந்துவிட்டாள். கையால் சருகை விலக்கினாள். பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் இன்னொன்று. அக்காவைச் சுற்றி, அவள் காலடியிலேயே, தாய் ஆட்டை ஒட்டிப் படுத்த குட்டிகள்போல.

"அக்கா!" வீரணன் காய்ந்த இலைகளுக்குள் குனிந்து கூப்பிட்டான். "அக்கா, பாரேன்! அக்கா!"

அவன் மறுபடி கூப்பிட்டான். அப்போது எங்கோ அடியாழத்திலிருந்து, ஓலைகூட இல்லை, ஓலையின் நிழல் உரசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"கத்தாதடா... வந்திருச்சா?"

"வந்திருச்சு அக்கா! நிறைய!"

"எனக்குத் தெரியல. எலையெல்லாம் மேல கவுந்து கெடக்கு. எப்படி இருக்குதுக?"

"பச்சையா இருக்குதுக. வெளிறின பச்சை. ஒண்ணு கொஞ்சம் சாஞ்சு நிக்குது. ஒண்ணு உன்ன மாதிரியே மொறச்சுக்கிட்டு நிக்குது."

"முள்ளு இருக்கா?"

"சிலம்பாயி காலைக் கேளு!"

"இருக்கு மதினி" என்றாள் சிலம்பாயி. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "பொறந்த ஒடனே அத்தைக்காரியக் குத்துதுக. நல்லா வளத்திருக்க."

அக்கா சிரித்தாள். கடைசியாக அவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டது அப்போதுதான். "வீரணா, எனக்கு நல்லது செய்யணும்னுதான் உனக்கு ஆசை. எனக்குத் தெரியும். கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. எங்க சாதியில பிள்ளைக பக்கத்துல நிக்கச் சாகுறவ நான் ஒருத்திதான்." பிறகு, "அதுக தானா நிக்கிற வரைக்கும் என்னை இப்படியே விட்டுரு. வெயிலுக்கு மறைவா இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வீரணன் குட்டிகளிடம் குனிந்து, "ஏய், உங்க பேரு என்ன?" என்று கேட்டுப் பார்த்தான். அவையும் பேசவில்லை. அவை ஏன் பேச வேண்டும்? இதற்கு முந்திய கற்றாழைகள் எல்லாம் தனியாக நின்றவை. வருகிறவன் போகிறவனைக் கூப்பிட்டுப் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. இவற்றுக்குத் தாயின் வேரும் கூடப் பிறந்தவர்களின் வேரும் மண்ணுக்குள்ளேயே கை கோத்துக் கிடந்தன. சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிக்கொண்டன.

கற்றாழை காலடியில் குட்டி விட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். அது வாயை மூடிக்கொண்டதும் அன்றிலிருந்துதான். தனித்தனியாக நின்ற செடி வரிசை வரிசையாக வேலியானதும் அதற்குப் பிறகுதான். ஆட்டுக்காரர்கள் இன்றைக்கும் பூத்த கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, எரு வைப்பதில்லை. பூவெல்லாம் ஓய்ந்த பிறகு தண்டை எடுக்க வேண்டுமென்றால், அரிவாளை ஓங்குமுன் இலையில் கை வைத்து, "அக்கா, எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்பார்கள். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். தாய்ச்செடி எவ்வளவு காய்ந்தாலும் குட்டி தேறும்வரை பிடுங்க மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த வழக்கங்கள். அந்தக் காலையில் வீரணனுக்கு இவை ஒன்றும் தெரியாது. பட்டிக்குள் ஆடுகள் பசியில் கத்தத் தொடங்கியிருந்தன. சிலம்பாயி காலிலிருந்து முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்து, குட்டிகளைத் தொடாமல் ஒதுங்கி, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். வீரணன் படலைத் தூக்கிப் பாறையோரமாக வைத்தான். மூளி முதலில் வெளியே வந்தது. மற்ற ஆடுகள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன.